முற்றத்தில் பொடுதலை

அஸாமுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையோடு முற்றத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தான், குனிந்தான், நிமிர்ந்தான். கோப்பை ஆறிப்போனது. நட்ட பொடுதலை ஒரு விரலளவுகூடப் படரவில்லை.

கட்டாரில் பெரிய மாளிகைகளுக்கெல்லாம் புல் விரித்த கை அது. பாலைவனத்தையே பச்சையாக்கிவிட்டு வந்தவனுக்குக் காத்தான்குடியில், அதுவும் மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டு முற்றத்தில், மண் மசியவில்லை என்றால் மானம் போகாதா? முதலில் கொழும்பிலிருந்து புல் எடுப்பித்து விரித்தான். வாவிக்கரைக் கிணற்றின் உவர்த்தண்ணீர் பட்டதும் அது வைக்கோலாகிவிட்டது. புல்லைக் கைகழுவிவிட்டு, தானாகப் படரும் செடிகளைத் தேடினான். மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா வேகமாகத்தான் ஓடும். ஆனால் அடுத்த வளவுக்குள்ளும் ஓடி, அந்த வீட்டு மஜீட் காக்காவோடு சண்டை மூட்டிவிடும். வல்லாரை நட்டால் தெருவே வந்து சம்பலுக்குப் பிடுங்கும். அடம்பன் கொடி காலைத் தடக்கும். கடைசியில், வாவி ஓரத்தில் உப்பிலும் வெயிலிலும் மாடு மிதித்த இடத்திலும் பாய் விரித்தாற்போலக் கிடந்த பொடுதலைதான் மனதுக்குப் பிடித்தது.

"மிதிக்க மிதிக்கப் படரும் புள்ள, பாத்துக்கிட்டிரு," என்று மனைவி நிஸ்றாவிடம் சவடால் அடித்தான்.

இது பிடித்தால் ஊரிலேயே தோட்டம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பது, பிடிக்காவிட்டால் மறுபடி விமானம் ஏறுவது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டிருந்தான். சொந்த முற்றத்தில் காட்ட முடியாதவனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? தோஹாவிலிருந்து, கூட வேலை செய்த பஹ்மி வேறு ஓயாமல் குரல்பதிவு அனுப்பினான். "மச்சான், விசா ரெடி. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவச் சொல்லு."

கோழிதான் கிளறுகிறது என்று வேலியோரம் வலை கட்டினான். வெயிலைத் திட்டினான். செடி சாகவுமில்லை, ஓடவுமில்லை. நட்ட கொத்து நட்டபடியே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வியாழக்கிழமை விடியலில் சுபஹ் தொழுதபின், வழக்கம்போலக் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச மனமில்லாமல் நேரே வீட்டுக்கு வந்தான். தெருவாசல் கடப்பைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நிஸ்றா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாறு சர்சர்ரென்று பொடுதலைக் கொத்துகளை உரசிப் போக, புதிதாக நீண்ட இளந்தண்டுகள் அறுந்து சருகோடு சருகாகக் குவிந்தன.

"என்ன வேலை புள்ள இது? ஓட உடாம அறுத்துப் போட்டிரிக்கியே!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து குவியலைப் பார்த்தாள். "அல்லாஹ்வே, நான் கவனிக்கல்லியே. கை தன்பாட்டுல கூட்டுது."

"ஒரு நாள் கூட்டாமக் கிடந்தா குடியா முழுகிடும்?"

நிஸ்றாவின் முகம் மாறியது. "உங்களுக்குச் சொல்ல லேசு. நீங்க கட்டாருக்குப் போன நாள்ள இருந்து இந்த முத்தம் ஒரு நாளும் கூட்டாமக் கிடக்கல்ல. சருகு கிடந்தா, புல்லு முளைச்சா, ஆம்புள இல்லாத ஊடு எண்டு தெருவால போறவனெல்லாம் எட்டிப் பாப்பான். காய்ச்சலோடயும் கூட்டினன்."

யார் யாருடைய முற்றத்தையோ அவன் பச்சையாக்கிக்கொண்டிருந்த காலம் முழுக்க, இங்கே ஒரு புல் முளைக்க விடாமல் இவள் காவல் இருந்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. யாரென்று இருவருக்கும் தெரியும்.

"போறதெண்டா இப்பவே சொல்லிருங்க," என்றாள் நிஸ்றா, விளக்குமாற்றை நிலத்தில் தட்டி நேராக்கிக்கொண்டே. "நான் மிச்சத்தையும் கூட்டணும்."

அவன் கைபேசியை எடுத்து அழைப்பைத் துண்டித்தான். அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக் கிணற்றுக் கட்டில் சாத்தினான். பிறகு குவியலின் அருகே குந்தி, அறுந்த தண்டுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றத் தொடங்கினான். துண்டு துண்டாக அறுந்தாலும் வேர் விடும் சாதி அது.

நிஸ்றாவுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கடப்படிய மட்டும் கூட்டட்டா?" என்றாள். கேட்கும்போதே அழுதுகொண்டிருந்தாள்.