அர்ச்சுனன் மேடு

1

இந்தக் கதை போக்குவரத்து நெரிசலில் பிறந்தது என்று சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். விடுங்கள். ஒரு பெருநகரத்தில் கார் பந்தயத்துக்காகத் தெருக்களை அடைத்திருந்தார்கள். ஒரு வார இறுதிக் கூத்துக்குக் கான்கிரீட் தடுப்பு, கம்பிவலை, புதுத் தார். எங்கள் பேருந்து நகராமல் நின்ற இடத்தில், பள்ளிக்கூட வாசலில் இருந்த வேகத்தடையை ஓர் இயந்திரம் சுரண்டிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இத்த போடறதுக்கு எத்தினி பேரு செத்தாங்களோ, தெரியல" என்றார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் பந்தயத்தை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் அவர் ஊரில் வைத்துவிட்டேன். மரக்காணத்தில் அப்படியொரு பந்தயம் நடந்ததே இல்லை. கடற்கரைச் சாலையை அடைத்து நடத்துகிறவன் நான்தான். எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

2

தொடக்கம் ஒன்று: "வெள்ளிப் பாளங்களாக விரிந்து கிடந்த உப்பளங்களின் நடுவே, கருநாகம்போல் அந்தச் சாலை—"

வேண்டாம். காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறவன் எழுதும் வாக்கியம் இது.

தொடக்கம் இரண்டு: விருத்தாம்பாளின் கணவன் அர்ச்சுனன், விடியற்காலையில் உப்பளத்துக்குப் போகச் சாலையைக் கடந்தபோது, பாண்டிச்சேரிக்குப் பறந்த கார் அடித்துச் செத்தான். ஊர் பிணத்தை ரோட்டில் வைத்து மறியல் செய்தது. வருஷக்கணக்காக மனு கொடுத்தும் வராத வேகத்தடை அன்று சாயங்காலமே வந்தது. ஊரார் அதற்கு அர்ச்சுனன் மேடு என்று பெயர் வைத்தார்கள். பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பந்தயக் கம்பெனியின் ஆள் ஜெயசீலன் நல்ல பையன். வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விருத்தாம்பாளின் வீட்டுக்குள் வந்தான்.

"அம்மா, ரேஸ் கார் தரையோட தரையா போகும். மேடு இருந்தா அடி தட்டிடும். முடிஞ்ச மறுநாளே போட்டுத் தந்துடறோம்."

"மறுநாளேவா?"

"என்னை நம்புங்கம்மா."

"சரி, எடுத்துக்கோங்க. ஆனா அதே எடத்துல போடணும். அங்கதான் நாங்க ரோட்ட தாண்டுவோம். தள்ளிப் போட்டுடாதீங்க."

என் முதல் வரைவில் அவள் இப்படிச் சம்மதிக்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் போய்ப் படுத்தாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. அவள் ஏன் படுக்க வேண்டும்? மறுபடி போட்டுத் தருவதாக ஒருவன் மரியாதையாகச் சொல்கிறான். ஊருக்கே வேலையும் வந்திருக்கிறது. காற்று அள்ளிப் போடும் மணலையும் உப்புத் தூளையும் பந்தயத் தாரிலிருந்து பெருக்கித் தள்ள வேண்டும். மஞ்சள் பனியன், தொப்பி எல்லாம் உண்டு. அவளும் பெருக்கினாள். புருஷன் விழுந்த இடத்தை வழவழவென்று ஆக்கியதில் அவள் கையும் உண்டு.

பந்தயத்தன்று, கூட வேலை செய்யும் சின்னப்பாப்பாவோடு உப்புக் குவியல்மேல் ஏறி நின்று பார்த்தாள்.

"ஏ சின்னப்பாப்பா, அந்தச் செவப்பு வண்டிய பாருடி! இன்னா ஸ்பீடு!"

(இந்த வரியைப் பலமுறை வெட்டினேன். அவள்மேல் உங்களுக்கு இருக்கும் இரக்கம் குறைந்துவிடுமே என்ற பயம். பிறகு, அப்படிக் குறைகிற இரக்கம் எனக்கு எதற்கு என்று கோபம் வந்தது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

4

பந்தயம் முடிந்தது. தடுப்புகள் போயின, மேடைகள் போயின, வாடகைக் கழிப்பறைகள்கூட லாரி ஏறிப் போயின. மேடு மட்டும் வரவில்லை. புதுத் தார் மட்டும் அப்படியே இருந்தது. ரேஸ் ஓடிய ரோடு என்று கேள்விப்பட்டு, சனி ஞாயிறுகளில் பைக்கும் காருமாக வந்து பறந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு ஓட்டமாக ஓடிக் கடந்தார்கள்.

ஜெயசீலன் போனை எடுக்கவில்லை. அவனுக்கு வேறு ஊரில் வேறு பந்தயம் இருந்திருக்கும். விருத்தாம்பாள் சாலைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தாள். (அவருக்குப் பெயர் வைக்கப் போவதில்லை. எந்த அலுவலகம் என்றும் கேட்காதீர்கள்.)

"பழைய மேடு பழைய ரோட்டுலம்மா. இது புது ரோடு. இதுல இன்னும் ஒரு ஆக்சிடெண்டும் ரெக்கார்டு ஆவல."

"ஆவணுமா சார்?"

"நான் அப்படிச் சொல்லல. உயிர்ச்சேதம் ஆனாத்தான் எஸ்டிமேட் போட முடியும்."

(இதை நையாண்டியாகத்தான் எழுதினேன். அந்த மாதிரி வேலையில் இருக்கும் ஒரு நண்பரிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நையாண்டி எங்கே வருது?" என்று கேட்டார்.)

5

எனக்குப் பிடித்த பகுதி இது. அதனால்தான் இதன்மேல் சந்தேகம்.

விருத்தாம்பாளும் சின்னப்பாப்பாவும் இன்னும் சில பெண்களும் ஒரு மத்தியானம் உப்புப் பாத்தியிலிருந்து களிமண் வெட்டி வந்தார்கள். உப்பு ஊறிய கறுப்புக் களி. வருஷா வருஷம் உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தித் தரையை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அதே மாதிரி ரோட்டின் குறுக்கே கொட்டி, வரிசையாக நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள். இரண்டு பக்கமும் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. சிரித்துக்கொண்டே மிதித்தார்கள். காய்ந்ததும் மேடு கல்லாகிவிட்டது. வண்டிகள் மறுபடி நிதானித்தன.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். பத்திரிகைகளுக்கும் இதுதான் பிடிக்கும். எளிய பெண்களின் வெற்றி, கடைசி வரியில் ஒரு சூரிய—

இல்லை. உப்புக் களி பனியை இழுக்கும். பகலில் கல்லாக இருக்கும் மண், பனி கொட்டிய விடியலில் சோப்புக் கட்டியாகிவிடும். இது அந்தப் பெண்களுக்குத் தெரியாதா? தெரியும். தினமும் அதன்மேல்தான் நடக்கிறார்கள். குதிகாலை ஊன்றி, கட்டை விரலால் பிடித்து நடந்து பழகியதில், வழுக்கல் என்பது அவர்களுக்கு ஒரு ஆபத்தாகவே தோன்றவில்லை. டயருக்குக் குதிகால் இல்லை என்று அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. மேட்டில் அவர்கள் செய்த ஒரே தப்பு இதுதான்.

6

மாசிப் பனியில், விடியற்காலையில், கம்பெனி ஷிப்ட்டுக்குப் பாண்டிச்சேரி போன ஒரு பெண்ணின் ஸ்கூட்டி மேட்டில் வழுக்கியது. அவள் தலை தாரில் மோதியது. பெயர் சங்கீதா. சின்னப்பாப்பாவின் மகள்.

(அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்று முதலில் எழுதியிருந்தேன். மலிவான தந்திரம். அடித்துவிட்டேன். கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணுக்கும் அதே தலைதான்.)

போலீஸ்காரர் மேட்டைப் பூட்ஸால் தேய்த்துப் பார்த்தார். "யாரு போட்டது இது?"

சின்னப்பாப்பாதான் பதில் சொன்னாள்: "தெரியலீங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவைக்க எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. அது எனக்கு இன்னும் கசக்கிறது.

7

மருத்துவமனைத் தாழ்வாரம். உள்ளே சங்கீதா. டாக்டர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப்பாப்பா சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். விருத்தாம்பாள் பக்கத்தில் நிற்கிறாள். ஊர் மறுபடி ரோட்டை மறித்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது.

முடிவு அ: சங்கீதா பிழைக்கிறாள். நானும் நீங்களும் மூச்சு விடுகிறோம். உயிர்ச்சேதம் இல்லை, ஆகவே எஸ்டிமேட் இல்லை. களிமண் மேட்டை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த கார் வருகிறது.

முடிவு ஆ: சங்கீதா சாகிறாள். சாயங்காலத்துக்குள் தார் ஊற்றி, வெள்ளைக் கோடு போட்ட நல்ல வேகத்தடை. ஊர் அதற்கு அவள் பெயரை வைக்கிறது.

முடிவு இ என்று ஒன்றுக்காக நாள் கணக்கில் உட்கார்ந்தேன். ஜெயசீலன் மனம் திருந்தி வருவதாக எழுதிப் பார்த்தேன். அவன் வரவில்லை. பொறியாளர்தான் வந்தார். வியர்த்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் தாழ்வாரத்தில் நடந்து வந்தார்.

"ஏம்மா, ஜனங்க ரோட்ட வுட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. தார் வண்டி கிளியனூர்ல ரெடியா நிக்குது. உயிர் இருந்தா கூட்டத்தக் கலைச்சுடச் சொல்றாங்க மேலதிகாரிங்க. இல்லன்னா உடனே மேடு போட்டுடச் சொல்றாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொண்ணு இருக்குதா, போயிடுச்சா?"

விருத்தாம்பாள் இப்போது எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார். உள்ளே போய்ப் பார்க்கிற ஆள் இல்லை. "போயிடுச்சு சார்" என்று ஒரு பொய். நாளை விடியலில் அத்தனை பெண்களும் நிதானமாகச் சாலையைக் கடப்பார்கள். "இருக்குது சார்" என்று சொன்னால் அது உண்மை. மறுபடி கையைக் கோத்துக்கொண்டு ஓட வேண்டும். அடுத்து விழப்போவது யார் என்று எழுத என்னை மறுபடி உட்காரவைப்பீர்கள். நான் மாட்டேன்.

அவள் வாயைத் திறந்துவிட்டாள். அதில் என்ன வார்த்தையை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். முணுமுணுக்க வேண்டாம், போனில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். சின்னப்பாப்பா தலையைத் தூக்கி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.