ஆமென் சொன்ன பிறகு

லோசலினி வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கி எட்டு மாதம் ஆகிறது. "கைக்கு ஓய்வு குடுங்கம்மா" என்றார் டாக்டர். அவள் சிரித்துவிட்டு வந்தாள். காது கேளாதவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவில் நின்று பேச்சைச் சைகையாகவும் சைகையைப் பேச்சாகவும் மாற்றுகிறவளுக்குக் கைதானே வாய். வாய்க்கு யார் ஓய்வு கொடுக்கிறார்கள்?

செகோவே மாஸ்டர் செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நௌசோரி ஊரில் ஆற்றங்கரையில் இருந்த அவர் வீட்டுக்கு ஊர் ஊராகச் சனம் வந்து இறங்கியது, அங்கத்துத் துக்க வழக்கப்படி பாய்க்கட்டும் மண்ணெண்ணெய் டின்னுமாக. கேட்கிறவர்கள் பேசினால் லோசலினி கையால் சொன்னாள். மாஸ்டரிடம் படித்த பிள்ளைகள் கையால் அழுதால் அவள் வாயால் சொன்னாள். "நான் என் அப்பாவைப் பறிகொடுத்துட்டேன்" என்று அந்த மூன்று நாளில் நாற்பது முறையாவது சொல்லியிருப்பாள். எல்லாம் அடுத்தவர்களுக்காக. தனக்கென்று ஒரு தடவை சொல்லவில்லை. அழவும் நேரம் வாய்க்கவில்லை.

மாஸ்டர் அவளுக்கு யார்? அவளுடைய தம்பி வைசேயா பிறவியிலேயே காது கேளாதவன். ஏழு வயதுவரை அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அவனைக் காது கேளாதோர் பள்ளிக்குக் கூட்டிப்போனவர் அங்கே வாத்தியாராக இருந்த, தானும் காது கேளாத மாஸ்டர். கூடவே வந்த அக்காளையும் உட்காரவைத்துச் சைகை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். முப்பத்தொரு வருஷம் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

சனிக்கிழமை அடக்கத்துக்காவது தலைநகர் சுவாவிலிருந்து வேறொரு பெண் மொழிபெயர்க்க வருவாள் என்று ஏற்பாடு. லோசலினிக்கு ஆசை அவ்வளவுதான்: ஒரு மணி நேரம், தம்பிக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்து மாஸ்டருக்காக அழ வேண்டும். காலையில் மாஸ்டரின் மனைவி மேரேயா கோயில் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவாக்காரி வரலையாம்டி. பிள்ளைக்குக் காய்ச்சலாம்."

லோசலினி வலது தோளைத் தடவிக்கொண்டாள்.

"நீ முடியாதுன்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா வேற யாருமில்ல."

"சரி விடுங்க அக்கா. நின்னுக்கிறேன்."

"சாப்பிட்டியா?"

"டீ குடிச்சேன்."

"டீ சாப்பாடா? அவரு இருந்தா உன்னைய இந்நேரம் திட்டியிருப்பாரு."

"அவரு இருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்?" என்றாள் லோசலினி. இருவருக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுபோயிற்று.

சவப்பெட்டியின் மேல் மரப்பட்டைத் துணி விரித்து, அதன் மேல் மாஸ்டரின் ஆரஞ்சு நிறத் துவாலையை மடித்து வைத்திருந்தார்கள். அந்தத் துவாலையைத் தெரியாத பிள்ளை அந்தப் பள்ளியில் கிடையாது. பெண்பிள்ளைகளின் கால்பந்து அணிக்கு மாஸ்டர்தான் பயிற்சியாளர். மைதானத்தில் விசில் ஊதி என்ன பயன்? துவாலையைச் சுழற்றினால் ஓடு. கீழே இறக்கினால் நில். யார்மேலாவது வீசி எறிந்தால் அவள் வெளியே வந்து உட்கார வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. வெளியே உட்கார்ந்தபின் உள்ளே ஆடுகிறவர்களுக்கு யோசனையும் சொல்லக்கூடாது. கோல் போட்டவளானாலும் சரி, மூச்சு வாங்குகிறதென்று அவர் கண்ணுக்குப் பட்டால் துவாலை வந்து முகத்தில் விழும். வியர்வையும் தைலமும் கலந்த நாற்றம் தாங்காமலே பாதிப்பேர் வெளியே ஓடிவந்துவிடுவார்கள்.

லோசலினி பெட்டிக்குப் பக்கத்தில், முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்து நின்றாள். பிள்ளைகள் என்றா சொன்னேன்? நரைத்த தலைகளும் அதில் இருந்தன. முதலில் ஜெபம். கேட்கிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் மூடவில்லை. மூடினால் யார் சொல்வது? முப்பத்தொரு வருஷமாக எந்த ஜெபத்திலும் அவள் கண்ணை மூடியதில்லை.

ஜெபம் செய்த போதகர் எபினேரிக்கும் மாஸ்டருக்கும் ஒரு பழைய கதை உண்டு. இளவயதில் அவர் பள்ளிக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்தார். யாரும் கண்ணை மூடாததைப் பார்த்து, "பிள்ளைங்களுக்குப் பக்தி போதலையே" என்று குறைபட்டார். மாஸ்டர் பணிவாகத் தலையாட்டி, பிள்ளைகளிடம் திரும்பி, 'இறுக்கி மூடுங்க. யாராவது தொடுறவரைக்கும் திறக்கக்கூடாது' என்று கையால் சொல்லிவிட்டுத் தானும் மூடிக்கொண்டார். ஆமென் வந்தது. யாருக்குக் கேட்டது? கிழங்கும் மீன்குழம்பும் ஆற, நாற்பது பேர் கூப்பிய கையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் போதகரே மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்பினார். மாஸ்டர்தான் கடைசியாகத் திறந்தார். 'மன்னிச்சுக்கோங்க ஐயா. கண்ண மூடிட்டா கடவுள் எழுந்து போயிட்டதுகூட எங்களுக்குத் தெரியாது' என்றார். அதை வாயால் போதகருக்குச் சொன்னவள் லோசலினி. அன்றைக்குச் சிரிப்பை அடக்கிய வயிற்றுவலி அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது மாஸ்டரின் அண்ணன் மகன் எழுந்து பேசினான். நல்ல பையன்தான், அரசாங்க உத்தியோகம். ஆனால் சித்தப்பாவோடு உட்கார்ந்து பேசியவனில்லை, சைகை தெரியாது. எழுதிக்கொண்டுவந்து படித்தான். "எங்க சித்தப்பா வாழ்நாள் முழுக்க இருண்ட மௌனத்துல வாழ்ந்தவர்…"

லோசலினி அதையும் கையால் சொன்னாள். சொல்லித்தானே ஆகவேண்டும். தோளில் ஊசி குத்தியது.

முன்வரிசையில் வைசேயாவின் கை அசைந்தது. 'மௌனமா? அவரு குறட்டைல விடுதிக் கட்டிலே ஆடும். எங்களுக்கே தெரியும். இவன்கிட்ட சொல்லுக்கா.'

வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கின. லோசலினிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே மூன்று நாள் அழுகையும் வந்தது. அவள் அந்தப் பையனின் அடுத்த வாக்கியத்தைப் பாதி சொன்னாள். கை நின்றுவிட்டது. அவன் படித்துக்கொண்டே போனான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடி கையைத் தூக்கப் பார்த்தாள். தோள் மறுத்தது.

அப்போது பிரேமிளா எழுந்தாள். முன்னாள் அணித்தலைவி, இப்போது தையல் ஆலையில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நேரே பெட்டியருகே வந்தாள். யாரையும் கேட்காமல் துவாலையை எடுத்து லோசலினியின் முகத்தைப் பார்த்து வீசினாள்.

கோயிலே மூச்சடைத்தது. "ஐயோ, பெட்டி மேல இருந்தத…" என்று ஒரு கிழவி பதறினாள். மேரேயா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் புரியவில்லை.

'லோசா, வெளியே போ' என்றது பிரேமிளாவின் கை.

'யாரு சொல்லுவா இவங்களுக்கு?'

'ஏன்னு கேக்கக்கூடாது. மறந்துட்டியா?'

லோசலினி துவாலையோடு போய்ப் பாயில், தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதே நாற்றம், அதே தைலம். அதில் முகத்தைப் புதைத்தாள்.

பிரேமிளா சபையைப் பார்த்துத் திரும்பினாள். கேட்கிறவர்கள் அவள் கையையே பார்த்துத் திகைத்தார்கள். போதகர் குனிந்து, "லோசலினி, என்னம்மா சொல்றா?" என்று கிசுகிசுத்தார். லோசலினி பழக்கத்தில் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். வெளியே உட்கார்ந்தவள் யோசனை சொல்லக்கூடாது.

ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பிரேமிளா தொப்பையைத் தள்ளி, வலக்காலை இழுத்து நடந்தாள். மாஸ்டர்! அடுத்த நொடி கன்னம் உப்ப விசில் ஊதும் நடுவர் ஆனாள். பிறகு அவளே பதினேழு வயதுப் பிரேமிளா; ஆட்டம் முடிந்த விசில் கேட்காமல், எதிரணி கைகுலுக்கிக்கொண்டு நிற்க, ஆளில்லாத வலைக்குள் ஒன்று, இன்னொன்று என்று கோல் அடித்துக் குதிக்கிறவள். மறுபடி மாஸ்டர்: நடுவரின் பின்னாலேயே நொண்டி நொண்டி ஓடி, 'யார் காதுல ஊதின? அந்த ரெண்டையும் எழுது!' என்று விரலை நீட்டுகிறார். மூன்றுக்குச் சைபர் தோற்ற ஆட்டம். திங்கட்கிழமை பள்ளிப் பலகையில் மூன்றுக்கு இரண்டு என்றுதான் இருந்தது.

மேரேயா வாய்விட்டுச் சிரித்தாள். அதற்காகவே காத்திருந்தது போலக் கோயில் முழுக்கச் சிரித்தது. அண்ணன் மகன் தாளைக் கையிலேயே மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். காது கேளாதவர்கள் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல். லோசலினிக்கு ஒரு கைதான் மேலே போயிற்று.

போதகர் எபினேரி கடைசி ஜெபத்துக்கு எழுந்தார். முன்வரிசைக்கு நேராக வந்து நின்று, கண்ணைத் திறந்தபடியே ஜெபம் செய்தார். அவருக்குத் தெரிந்த சைகைகள் நாலோ ஐந்தோதான். 'கடவுள்', 'நன்றி', 'வீடு', 'நண்பன்'. அவற்றையே திரும்பத் திரும்ப, தடுமாறித் தடுமாறிச் செய்தார். 'வீடு' என்பதைத் தப்பாகச் செய்து 'படகு' என்றார். வைசேயா அக்காளின் முழங்கையை இடித்தான். 'படகா? சரி, ஆத்தங்கரைதானே. போகட்டும்.'

லோசலினி அதைப் பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள்.

ஆமென் வந்தது. அவளுக்குக் கேட்டது. பாய்கள் சரசரத்தன, பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள், வெளியே தகரக்கூரையில் மழை பிடித்தது. அவள் திறக்கவில்லை. வைசேயா அவள் தோளைத் தொடக் கையை நீட்டினான். பிரேமிளா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.