பாட்டுக்கு ஒரு குடிகாரன்

பெயிண்டர் குடியை விட்டதில் தெருவுக்கே சந்தோஷம், தம்பியைத் தவிர. பின்னே? அவன் ராப் பாடுகிறவன். அண்ணனின் குடியையும் தெருவின் வறுமையையும் புட்டுப்புட்டு வைத்த அவன் பாட்டுதான் இப்போது போனுக்குப் போன் அலறுகிறது.

'கூரை ஒழுகுது, கிளாஸு நிறையுது,
அடுப்பு அணையுது, கடைவெளக்கு எரியுது!'

அதை வீடியோவாக எடுக்க, ஒரு பட்டாளமே பெயிண்டரின் ஒற்றை அறை வீட்டுக்குள் வந்து இறங்கியது. டைரக்டர் சுவரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இவ்ளோ சுத்தமா இருந்தா ஏழைன்னு யாருங்க நம்புவாங்க?"

பெயிண்டர் போன வாரம்தான் பார்த்துப் பார்த்து அடித்த பெயிண்ட். அதில் சேற்றை அப்பினார்கள். தம்பி முன்னுக்கு வரட்டும் என்று அவர் பொறுத்துக்கொண்டார்.

"கஷ்டத்தைப் படம் புடிக்க வந்தவங்க கஷ்டப்பட்டவங்களைப் பாத்ததே இல்லையாக்கும்," என்றாள் அவர் மனைவி.

தலையைக் கலைத்து அவரைத் தரையில் உட்காரவைத்தார்கள். கையில் ஒரு கிளாஸ். "பால் விடாத டீதாண்ணே," என்றான் தம்பி.

வாயருகே கொண்டுபோனதும் சாராய வாடை குப்பென்று ஏறியது. டீயாவது மண்ணாவது! நாக்கில் எச்சில் ஊறியது. பெயிண்டர் கிளாஸைச் சட்டென்று விலக்கினார். ஒரு வாய் போதும், பட்ட பாடெல்லாம் பாழ்.

"டேய், இது டீ இல்லேன்னு உனக்குத் தெரியுமா?"

தம்பி தலை குனிந்தான். "ஒரே வாய்ண்ணே. மூஞ்சியில அந்த இது வரணும்ல."

"என்னை வெச்சுப் பாடினே, சரி. இப்ப பாட்டுக்காக என்னைக் குடிக்கச் சொல்றியாடா?"

"பிரமாதம்! இதையே அழுதுகிட்டே சொல்லுங்க," என்றார் டைரக்டர்.

பெயிண்டர் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு மனைவியோடு வெளியே போனார். டைரக்டர் அசரவில்லை. அண்ணன் இல்லாவிட்டால் என்ன, அதே ஜாடையில் தம்பி இருக்கிறானே! அதுவரை ஒரு சொட்டுகூடத் தொட்டறியாதவன், முதல் வாயில் இருமினான். "செயற்கையா இருக்கு," என்றார் டைரக்டர். மறுபடி ஊற்றினார்கள். மறுபடியும் ஊற்றினார்கள்.

"இப்பதான்யா நிஜம்!" என்ற குரல் தெருமுனைவரை கேட்டது.

பெயிண்டர் திரும்பி ஓடிவந்தார். விளக்குகளைக் கழற்றி, கேமராவைப் பெட்டியில் வைத்து, எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சேற்றுச் சுவரில் சாய்ந்து கிடந்தான் தம்பி. அண்ணனைக் கண்டதும் முகம் மலர்ந்து, காலி கிளாஸை நீட்டினான்.

"அண்ணே... இன்னொரு டேக் போலாமா?"