விட்டுவைத்த முடிச்சுகள்

குளித்துவிட்டு ஜாக்கெட்டை மாட்டும்போதுதான் அது முத்தழகுவின் விரலில் தட்டுப்பட்டது. வலது அக்குளில், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் வலித்தது. மார்பில் ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஈரத்தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பாம்பன் சின்னப்பாலத்தில் அவள் கடல்பாசி எடுப்பவள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைகளுக்கிடையே முங்கிப் பறித்து வருவாள். மார்பில் புற்றுநோய் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோதுகூட அவள் முதலில் கேட்டது கையைப் பற்றித்தான். அவள் தெருவில் ஒருத்திக்கு இதே ஆபரேஷனுக்குப் பிறகு கை தூணாக வீங்கி, குடம் தூக்கவும் முடியாமல் போயிருந்தது.

டாக்டர் சூஃபியா அப்போது ஓர் ஆராய்ச்சியைப் பற்றி விளக்கினார். மார்பிலிருந்து நோய் முதலில் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் பரவும். கொஞ்சமே பரவியிருந்தாலும் எல்லா முடிச்சுகளையும் எடுத்துவிடுவது அங்கே வழக்கம். எடுத்தால் கை வீங்கக்கூடும். எடுக்காமல் விட்டு, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தாலே போதுமா என்பதுதான் ஆராய்ச்சி. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டுச் சொல்லும்.

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லிருங்க டாக்டரம்மா."

"எங்களுக்கே உறுதியாத் தெரியலக்கா. தெரிஞ்சிருந்தா குலுக்கிப்போடவே மாட்டோம். சேர்றதும் சேராததும் உங்க விருப்பம். சேராட்டியும் வைத்தியம் நடக்கும். நடுவுல வேணாம்னு தோணுனா விலகிக்கலாம்."

அவள் கணவன் தனுஷ்கோடிக்கு அது பிடிக்கவே இல்லை. "சீட்டுக் குலுக்கியா வைத்தியம் பாப்பாக? வேணாம்னு சொல்லிரு" என்றான்.

"தெரியலன்னு ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொல்லி இப்பத்தான் கேக்குறேன். எனக்கு அந்தம்மா மேல நம்பிக்கை வந்திருச்சு" என்று முத்தழகு கையெழுத்துப் போட்டாள். குலுக்கலில் அவளுக்கு முடிச்சுகளை விட்டுவைப்பது என்று வந்தது.

கை வீங்கவில்லை. சில மாதங்களில் மறுபடி கடலில் இறங்கினாள். இப்போது, விட்டுவைத்த அதே இடத்தில் கட்டி.

தனுஷ்கோடி விசைப்படகில் போகிறவன். மறுநாள் கடலுக்குப் போகவேண்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு மதுரை பஸ்ஸில் ஏறினான். ராமநாதபுரம் தாண்டியும் அவன் வாய் திறக்கவில்லை.

"அப்பவே சொன்னேன்ல, கேட்டியான்னு திட்டிருங்க. இப்படி உம்முனு வராதீக" என்றாள் முத்தழகு.

"பேசாம வா புள்ள." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் அவளை நேராக சூஃபியாவிடம் கூட்டிப்போனாள். சூஃபியா அக்குளை நிதானமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு வலது கையைத் திருப்பினார். ஆள்காட்டி விரலில் பழந்துணி சுற்றியிருந்தது.

"இது என்னக்கா?"

"பாசி எடுக்கையில பாறை கிழிச்சிருச்சு. அது கெடக்கட்டும், கட்டியப் பாருங்க."

"கட்டியத்தான் பாக்குறேன்" என்றபடி சூஃபியா துணியை அவிழ்த்தார். விரல் சிவந்து வீங்கிச் சீழ் கோர்த்திருந்தது. அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்.

"எனக்கு ஒண்ணு தோணுது. ரிசல்ட் வராமச் சொல்ல மாட்டேன். வெளிய உக்காருங்க."

வராந்தாவில் தனுஷ்கோடி வாங்கிவந்த டீ ஆறி ஆடை கட்டியது. சாயங்காலம் சூஃபியா காகிதத்தோடு தானே நடந்து வந்தார். வரும்போதே கையை ஆட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"புற்றுநோய் இல்லக்கா. நெறி கட்டியிருக்கு. அவ்வளவுதான்."

"நெறியா?"

"ஆமா. விரல்ல சீழ் வச்சிருக்குல்ல? அத எதிர்த்து அக்குள் முடிச்சு வீங்கியிருக்கு. அதோட வேலையே அதான்."

முள் குத்திக் கால் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்று முத்தழகுவுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவளுக்கே எத்தனை தரம் கட்டியிருக்கிறது! முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப்போய் அழுகையாகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். தனுஷ்கோடி குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"ஒரு நெறிக்கு மதுரைக்கா வருவ? மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டுருக்கலாம்ல" என்றான்.

"அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க" என்று சூஃபியா கண்டித்தார். "எது தட்டுப்பட்டாலும் இப்படித்தான் ஓடிவரணும். கட்டி கரைஞ்சிருச்சான்னு நான் திரும்பப் பாக்கணும். அக்கா, விரல்ல கீறுனதும் வந்திருந்தா இவ்வளவு பயமே இருந்திருக்காது. மாத்திரை தர்றேன். புண்ணு ஆறுற வரைக்கும் தண்ணியில இறங்காதீங்க. அப்புறம் கையுறை இல்லாமப் போகக் கூடாது."

பிறகு, "ஆராய்ச்சியில இருந்து விலகணும்னு தோணுதா? தயங்காமச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"எதுக்கு விலகணும்? வந்ததுக்கு எப்பவும்போலக் கையையும் அளந்துருங்க" என்று முத்தழகு இரண்டு கைகளையும் நீட்டினாள். நர்ஸ் டேப் வைத்து அளந்தாள். புண்ணான விரலைத் தவிர இரண்டு கையும் ஒன்றாகவே இருந்தன.

"ஆமா, எது நல்லதுன்னு கண்டுபிடிச்சிட்டீகளா?"

"இன்னும் இல்லக்கா. நெறையப் பேர வருஷக்கணக்காப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

"இன்னுமா!" என்றாள் முத்தழகு. சூஃபியாவும் சிரித்துவிட்டார்.

வாசலில் இருந்த கடையில் இருவரும் புரோட்டா தின்றார்கள். அவனுக்குப் போதவில்லை. அவள் இலையிலிருந்து பாதியை அவனுக்குத் தள்ளிவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் மானாமதுரை வருவதற்குள் அவள் அவன் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிப்போனாள். படகுக்காரர் போன் செய்தார்.

"வாரேன் அண்ணே, வாரேன்" என்று தனுஷ்கோடி மெதுவாகச் சொன்னான். "நாளைக்கு வேணாம். நாளைக்கழிச்சு வாரேன்."