இருபத்தைந்தோடு நின்றுவிடும் மோட்டார்

யோரித்தின் மோட்டார் வைத்த சைக்கிளின் திரையில் இருபத்தைந்து என்ற எண் மின்னியது. அதே நேரத்தில், முன்பக்கப் பெட்டியில் இரண்டு குழந்தைகளையும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு, மோட்டாரே இல்லாத சைக்கிளில் வந்த ஒரு பெண், மணியடித்துவிட்டு அவனைத் தாண்டிப் போனாள். குழந்தைகளில் ஒன்று அவனைப் பார்த்து நாக்கை நீட்டியது.

"இருக்கட்டும், காத்து நமக்குப் பின்னாலதானே அடிக்குது" என்று யோரித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தான். மிதிக்க மிதிக்க வண்டி கனத்தது. வலது முழங்கால் முனகியது.

போன குளிர்காலத்தில் உறைந்த கால்வாயில் சறுக்கி விழுந்து உடைத்துக்கொண்ட முழங்கால் அது. அதற்குப் பிறகுதான் அவன் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு மாறினான். மோட்டார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாம் மிதித்தால் அதுவும் கூடச் சேர்ந்து தள்ளும், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் கையை விட்டுவிடும். சட்டம் அப்படி. அதற்கு மேல் போக வேண்டுமானால் சொந்தக் காலை நம்ப வேண்டியதுதான்.

அவன் காதலி ஃபென்னாவின் வீட்டில் அத்தனை பேருக்கும் சொந்தக் கால்தான். அவளுடைய அப்பா ஹார்முக்கு இன்று அறுபது முடிகிறது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குடும்பத்தோடு சொந்த ஊரான டோக்குமிலிருந்து சைக்கிளில் கிளம்பி, கிழக்கே ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, கடலணையைப் பிடித்து மேற்கே திரும்பி, ஹோல்வெர்ட் துறையில் அமெலாந்து தீவுக்குப் படகேறி, தீவில் சாப்பிடுவது அவர் வழக்கம். அவர் யாருக்காகவும் நிற்க மாட்டார். படகும் நிற்காது. ஈஸ்டர் சமயத்தில் இதே பாதையில் யோரித் பின்தங்கிப் படகைத் தவறவிட்டபோது, "கூட வர முடியாதவனை எதுக்கும்மா கூட்டிட்டு வர்றே?" என்று ஹார்ம் மகளிடம் கேட்டது அவன் காதுக்கும் வந்து சேர்ந்தது.

இன்று படகில் வைத்துக் தங்கள் கல்யாண விஷயத்தைச் சொல்வதாக ஃபென்னா முடிவு செய்திருந்தாள். "நீ பக்கத்துல நிக்கணும். நீ இல்லாம நான் வாயே திறக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். மே மாதத்திலேயே பதிவு அலுவலகத்தில் இடம் பிடிக்க வேண்டும், அவளுக்கு இனியும் பொறுமையில்லை.

அதனால்தான் இன்று காலை, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும், சிவப்பு விளக்கில் ஆளில்லாத தெருவிலும் நின்று போகும் யோரித், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திருட்டு வேலை செய்தான். கைப்பேசியில் வண்டியின் செயலியைத் திறந்து, சக்கரத்தின் சுற்றளவு என்று இருந்த இடத்தில் பெரிய எண்ணாகப் பார்த்துப் போட்டான். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடும், ஆகவே வேகம் கூடும். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஃபென்னாவிடம் மூச்சு விடவில்லை.

தூரத்தில் முன்னே போய்க்கொண்டிருந்த ஃபென்னா அவனுக்காக வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தாள்.

"என்னாச்சு? பேட்டரி போயிடுச்சா?"

"இல்லியே. இருபத்தஞ்சுல வந்துட்டிருக்கேன்."

"என் மீட்டர் பதினெட்டு காட்டுதே!"

"உன் மீட்டர் தப்பு."

"ஆமாமா, கணக்கு வாத்தியார்கிட்ட வாதாட முடியுமா?"

முன்னாலிருந்து ஹார்மின் குரல் வந்தது. "வாத்தியாரே! பிளக்கைச் சுவத்துலேர்ந்து கழட்டிட்டுதானே வந்தீரு?" ஃபென்னாவின் தம்பி வீபே கைப்பிடிமேல் கவிழ்ந்து சிரித்தான். இரண்டு பேரும் காற்றோடு காற்றாகப் பறந்து, வளைவில் மறைந்தே போனார்கள்.

அந்த வளைவைத் தாண்டியதும் போலீஸ் நின்றது.

பாதையோரம் ஒரு வண்டியை நிறுத்தி, அதன் முன்னால் உருளை மேடையை விரித்து வைத்திருந்தார்கள். சைக்கிளின் பின்சக்கரத்தை அதில் ஏற்றி ஓடவிட்டால், மோட்டார் எந்த வேகம் வரை தள்ளுகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். திருட்டுத்தனமாக வேகம் கூட்டிய தடித்த சக்கர வண்டிகளோடு பிடிபட்ட இளைஞர்கள் வரிசையாக முகத்தைத் தொங்கவிட்டு நின்றார்கள். சாதா சைக்கிள்காரர்களான ஹார்மையும் வீபேயையும் விட்டுவிட்ட போலீஸ்காரி, யோரித்தைப் பார்த்ததும் கையைக் காட்டினாள்.

யோரித் பிரேக்கைப் பிடித்து இறங்கினான். படகு போகும். வண்டியும் போகும். ஃபென்னாவும்?

"ஒரு நிமிஷ வேலைதான் சார், ஏறுங்க" என்றாள் போலீஸ்காரி.

"எங்க அப்பாவுக்குப் பிறந்தநாள். படகைப் பிடிக்கணும்" என்றாள் ஃபென்னா.

"அப்பாவுக்குப் பிறந்தநாளா? வாழ்த்துகள்!" போலீஸ்காரி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு யோரித்தின் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் வாழ்த்துகள்" என்று அவன் கையையும் குலுக்கினாள். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் கூட இருக்கிற எல்லாருக்குமே வாழ்த்துச் சொல்வது அந்த ஊர் வழக்கம்.

உருளை சுழன்றது. மோட்டார் முனகியது. சட்டென்று நின்றது. போலீஸ்காரி மீட்டரைப் பார்த்தாள். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு தன்னுடன் இருந்தவரைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரேன். பதினெட்டுல நிக்குது!"

"பதினெட்டா? நத்தைக்குன்னு தனியா செஞ்சதா?"

"சார், இதுக்குள்ள கை வெச்சீங்களா?"

பொய் சொல்ல யோரித்துக்கு வரவில்லை. "வெச்சேன்."

"எதுக்கு?"

"வேகமாப் போகத்தான்."

பிடிபட்ட இளைஞர்கள் உட்பட அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். யோரித்துக்கு அப்போதுதான் தலைக்குள் கணக்கு நேரானது. சக்கரம் அதே சக்கரம்தானே! பெரிய எண்ணைப் போட்டதால் வண்டிக்குத்தான் மயக்கம். பதினெட்டில் போகும்போதே இருபத்தைந்தைத் தொட்டுவிட்டதாக நம்பி, சட்டத்துக்குப் பயந்து கையை விட்டிருக்கிறது.

ஃபென்னா சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாமலா?" என்றாள்.

"படகுல உன் பக்கத்துல நிக்கணும்னுதான்…"

"பிடிச்சுட்டுப் போயிருந்தாங்கன்னா எங்க நின்னிருப்பே? அவங்க பக்கத்துலயா?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே உதடு துடித்தது. "ஏமாத்தக்கூடத் தெரியலையே உனக்கு! மெதுவாப் போறதுக்குத் திருட்டு வேலை பண்ண ஒரே ஆள் இந்த நாட்டுலயே நீதான்!" என்று அவன் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இதை நான் என்னன்னு எழுதறது?" என்றாள் போலீஸ்காரி. "சரி, என் கண் முன்னாடி பழைய எண்ணைப் போடுங்க. டயர்லயே அளவு இருக்கு பாருங்க."

போட்டான். இன்னும் சிறிய எண்ணாகப் போட்டால் வண்டி பறக்கும் என்பது இப்போது அவனுக்குத் தெரியும். விரல் ஒரு நொடிகூட அந்தப் பக்கம் போகவில்லை. உருளை மறுபடி சுழன்றது. கச்சிதமாக இருபத்தைந்து.

"ஓடுங்க! படகு போயிடும்!"

இருவரும் பறந்தார்கள். கடலணை மேலேறி மேற்கே திரும்பியதும், காற்று கன்னத்தில் அறைந்தது. இவ்வளவு நேரம் முதுகில் தள்ளிய அதே காற்று இப்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. சரிவில் மேய்ந்த ஆடுகள்கூட முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எதிரே, வெகு தூரத்தில், துறையில் வெள்ளைப் படகு தெரிந்தது. அதன் புகை படுத்துக்கொண்டு ஓடியது.

ஃபென்னா எழுந்து நின்று மிதித்தாள். அவள் மீட்டர் பதினாலைத் தாண்டவில்லை. யோரித் பெடலை அழுத்தினான். மோட்டார் ஊம் என்று பிடித்தது. பதினாறு, பத்தொன்பது, இருபத்திரண்டு! விடவேயில்லை. விடுவதற்கு அது இருபத்தைந்தைத் தொட வேண்டுமே, இந்தக் காற்றில் யார் தொட முடியும்?

"ஃபென்னா! என் பின்னாடி ஒட்டிக்கோ!" என்று கத்தினான்.

அவள் அவன் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாள். அவன் முதுகு காற்றைக் கிழிக்க, அந்த மறைவில் அவள் வண்டி லேசாக ஓடியது. "போ யோரித், போ!" என்று பின்னாலிருந்து அவள் கூவியது, காற்றையும் மீறி அவன் காதில் தேனாக விழுந்தது.

முதலில் வீபே அகப்பட்டான். இருபது வயதுப் பையன் இளைத்துப்போய், ஃபென்னாவின் பின்னால் தொற்றிக்கொண்டான்.

"அப்பா எங்கடா?"

"முன்னாடி… என் பின்னாடி வாங்கன்னேன்… கேக்கல…"

ஹார்ம் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். போய்க்கொண்டிருந்தார் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். தலை தொங்க, முகம் பீட்ரூட்டாகச் சிவக்க, நடப்பவனைவிடக் கொஞ்சம் வேகமாக ஊர்ந்துகொண்டிருந்தார். துறையில் படகின் ஊதல் ஒலித்தது.

யோரித் அவர் பக்கத்தில் வந்தான். ஹார்ம் தலையைத் தூக்காமலே கையை வீசினார். "போங்க… நீங்க எல்லாரும் போங்க… நான் அடுத்த படகுல வர்றேன்."

தாண்டிப் போயிருக்கலாம். ஈஸ்டருக்கு ஈஸ்டர் சரியாகியிருக்கும். யோரித் இடது கையால் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஹார்மின் முதுகில் வைத்துத் தள்ளினான்.

"கையை எடும் வாத்தியாரே!"

"எடுக்க மாட்டேன். மிதிங்க ஹார்ம்!"

"பிளக் வண்டி தள்ளி நான் போறதா?"

"தள்றது என் கை. கைக்கு எந்தச் சட்டமும் வேக வரம்பு வெக்கல. மிதிங்க!"

ஹார்ம் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். ஆனால் மிதித்தார். நாலு பேரும் ஒரே கூட்டமாக இருபதில் போனார்கள். யோரித்தின் முழங்கால் நெருப்பாக எரிந்தது, தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவனுக்கோ சிரிப்பு சிரிப்பாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஃபென்னாவுக்குப் படகு வரை பொறுக்க முடியவில்லை.

"அப்பா! நானும் யோரித்தும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்!"

"என்ன?"

"கல்யாணம்!"

"கப்பலா? அதான் தெரியுதே, அதுக்குத்தானே போறோம்!"

"கப்பல் இல்லப்பா! கல்யாணம்! எனக்கு! இவரோட!"

"காத்துல ஒண்ணும் கேக்கலம்மா! திரும்பச் சொல்லு!"

வீபேயும் சேர்ந்து கத்தினான். வழியில் நின்ற ஆடுகளுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது.

கேக்கைப் பத்திரமாகக் கொண்டுவருவதற்காகக் காரில் முன்னமே வந்துவிட்ட ஃபென்னாவின் அம்மா ஆல்த்யே, ரோஜா நிறச் சர்க்கரைப் பூச்சுக் கேக் பெட்டியோடு படகின் சாய்பலகை நடுவில் நின்றிருந்தாள். "நான் ஏறினாத்தானே நீங்க பலகையைத் தூக்குவீங்க? கால் வலிக்குது தம்பி, மெதுவாத்தான் ஏறுவேன்" என்று படகுக்காரரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாலு சைக்கிள்களும் தடதடவென்று பலகைமேல் ஏறின. பின்னாலேயே பலகை எழும்பியது.

ஹார்ம் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். யோரித்தும் பக்கத்தில் சரிந்தான். இருவருக்கும் மூச்சு அடங்க நேரமாயிற்று. ஃபென்னா அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, தொண்டையைச் செருமினாள். "அப்பா, கடலணைமேல நான் சொன்னது என்னன்னா…"

"முதல் தடவையே கேட்டுது" என்றார் ஹார்ம்.

"கேட்டுதா? அப்புறம் ஏன்பா…"

"இன்னும் ரெண்டு மூணு வாட்டி கேக்கணும்னு இருந்துச்சு."

ஆல்த்யே கேக் பெட்டியை வைத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு, "எனக்கு ஒரு வாட்டிகூடச் சொல்லலையேடி!" என்று அழவும் சிரிக்கவும் செய்தாள். ஹார்ம் யோரித்தின் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த 'நீங்க, வாங்க' எல்லாம் இனிமே வேண்டாம். இனி நீ எங்க வீட்டுப் பிள்ளை, என்னை நீன்னே சொல்லு."

"சரிங்க."

"நீன்னு சொல்லுப்பா!"

"சரி. நீ…" யோரித்துக்கு நாக்கு புரளவில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. "நீ… நீங்க கேக் சாப்பிடறீங்களா?"

படகே சிரித்தது. ஹார்ம் பெரிய துண்டாக எடுத்து, முதல் வாயை அவனுக்கே கொடுத்தார்.