பிள்ளை பெற்ற கரை

1.
வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அது எப்படியோ இந்தக் கதையாகவும் ஆகிவிட்டது. முறைப்படி, வந்திருந்தவர்கள்: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் தெருச் சங்கச் செயலாளர் குமரேசன்; இருந்த ஒரே நாற்காலியில், தையில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் லோகநாயகி; மாடிப்படியின் மேல்படியில் கைக்குழந்தையோடு ஜாஸ்மின்; கைப்பிடிச் சுவரோரம் எழுதுவதற்கு நான். சுவருக்கு அப்பால் ஆறு, கருவேல மரங்கள், நத்தைகுத்தி நாரைகள். (அவை உட்கார்ந்திருந்த இடங்களைக் குறிக்கத் தாள் போதாது.)

2.
‘மார்கழிப் பனியில் வெள்ளி நாடாவாய் ஆறு…’
(அடித்துவிட்டேன். முடிச்சூரில் ஆற்றை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.)

விஷயம் இதுதான். பறவைகள் சரணாலயத்தின் எல்லை எங்கள் தெருவுக்கு முன்பே நின்றுவிடுகிறது. எங்கள் கரையையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும். கூடு கட்டும் மாதங்களில் வெடியும் மேளமும் இல்லை என்று எல்லா வீடும் கையெழுத்திட்டால்தான் கேட்க எங்களுக்கு முகம் உண்டு. லோகநாயகி வீடு மட்டும் பாக்கி.

“சாவுக்கே பட்டாசு கொளுத்துற ஊருல எம்புள்ளைக்கு ஊமை ஊர்வலமா? சம்பந்தி வூட்ல இன்னா நெனைப்பாங்க?”

“மெயின் ரோடு வழியா போயிடலாமே அக்கா” என்றார் குமரேசன்.

“பஸ்ஸுக்குப் பின்னாடி புகை குடிச்சிக்கினு வருவானா மாப்ள? நல்லா சொன்ன போ!”

3.
[இங்கே ‘பிடிவாதக்காரியான லோகநாயகி’ என்று தொடங்கி நிறுத்தினேன். காரணம், அடுத்துப் பேசியவள் ஜாஸ்மின்.]

“அக்கா, ஆவணில சந்திரிகா கல்யாண ஊர்வலம் வந்தப்போ எங்க வூட்டாண்ட மேளத்த நிறுத்துனது யாரு?”

“நாந்தான். பச்சப்புள்ள பெத்த வூடு. அடிப்பாங்களா?”*

ஜாஸ்மின் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு ஆற்றங்கரை மரங்களைப் பார்த்தாள். லோகநாயகியும் பார்த்தார். கூட்டில் ஒரு நாரை எழுந்து, முட்டையைப் புரட்டிவிட்டு, மறுபடி அடைகாக்க உட்கார்ந்தது. பக்கத்துக் கிளையில் இன்னொன்று. அதற்கு மேலே இன்னும் இரண்டு.

“இத்தினி வூடா?” என்றார் லோகநாயகி.

* பிள்ளை பெற்ற வீட்டைத் தாண்டும்வரை எங்கள் தெருவில் எந்த ஊர்வலமும் அடங்கித்தான் போகும். யாரும் எழுதிவைத்த விதி இல்லை. இப்போது எழுதியாயிற்று.

4.
“எழுதிக்க சார். ஊர்வலம் இந்தக் கரையோரமாதான் போவும். வெடி இல்ல, மேளம் இல்ல. சம்பந்தி கேட்டா, ‘புள்ள பெத்த கரை’ன்னு நான் சொல்லிக்கிறேன். மொதக் கையெழுத்து என்து!”

கையெழுத்துத் தாளின் முதல் வரியில் ஏற்கெனவே குமரேசன் இருந்தார். அவருக்கும் மேலே, ‘பொருள்’ என்ற வரியை இடித்துக்கொண்டு போட்டார். முறைப்படி அது தவறு. நான் திருத்தவில்லை.

5.
முடிவு ஒன்று: கரையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முடிவு இரண்டு: பதிலே வரவில்லை. எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தையில் அந்த ஊர்வலம் கரையோரமாகவே, சத்தமில்லாமல் போகும். அதை மட்டும் உங்களுக்கு விட்டுத்தரமாட்டேன்.

உறையின் வாயில் பசை தடவி அழுத்தினேன். அனுப்புநர் இடத்தில் என் பெயருக்குப் பதில் தெருவின் பெயரை எழுதி, தாம்பரம் தபால் பெட்டியில் போட்டேன்.