குளியலறைக்குள் ரமா

ஹாலில் கம்ப்யூட்டர் இருந்தவரை என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. அவர் எதைத் தட்டினாலும் அடுப்படியிலிருந்தே எனக்குத் தெரியும். ஒரு பம்பு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. கண்ணை டிவி மேல் வைத்துக்கொண்டே பத்து விரலாலும் அடித்துத் தள்ளுவார்.

இனி எல்லாம் மொபைலில்தான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மனுஷன் போனும் கையுமாகவே அலைந்தார். பக்கத்தில் போனால் திரையைக் கவிழ்த்தார். வேலையா என்று கேட்டால் ஒரு 'ம்'. சாயங்காலம் ஆனால் போனோடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். வெளியே வரும்போது தலையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

ஒரு நாள் கதவில் காதை வைத்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே நிறுத்தி நிதானமாக, குழைந்து பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் அப்படி ஒரு நாள் பேசியிருப்பாரா? வார்த்தைக்கு வார்த்தை 'ரமா' வேறு. தங்கையிடம் சொன்னேன். அவசரப்படாதே, கையும் களவுமாகப் பிடி என்றாள்.

மறுநாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. உள்ளே புகுந்து போனைப் பிடுங்கினேன். திரையிலும் ரமா. முழுவதையும் படித்தேன்.

'வணக்கம் ஐயா ரமா தங்கள் பம்பு ரமா குழாய் ரமா இரண்டும் நாளை வரும் முற்றுப்புள்ளி'

"யாருங்க இந்த ரமா?" கேட்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"ரமா இல்ல, கமா. கட்டைவிரலால அடிக்க எனக்கு வரல. அதான் வாயால சொல்றேன், போனே எழுதிக்குது. இந்தச் சனியனுக்கு அது ரமான்னு கேக்குது. திருத்தப் போனா இன்னும் கெடுது. இந்த வாரமும் இப்படியே போச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என் விரலப் பத்தி ஊரெல்லாம் பெருமையடிச்சிருக்க. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குழாயை மூடிவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன். ரமாவை நான் பாத்துக்கறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் ஐயா, கமா" என்று நிதானமாக ஆரம்பித்தார். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்க, அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்தது.